முப்பத்தோராம் நம்பர் கால்

ஓபர்லாக் ஊரில் புதுப்பனி விழுந்த காலையில் பெரிய கால்தடம் ஏதாவது கண்ணில் பட்டால், "ஒண்ணு கரடி, இல்லன்னா புர்கல்" என்பார்கள். கரடி அந்தப் பள்ளத்தாக்கை விட்டுப்போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆகவே அது புர்கல்தான்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் நோட்புர்கா. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் பாதிரியார் ஒருவர்தான், அதுவும் கோபம் வந்தால். ஊராட்சியின் பனி வாரும் வண்டியை ஓட்டுவது அவள் வேலை. விடியுமுன் அவள் வண்டி உறுமும் சத்தம் கேட்டுத்தான் ஊர் கண் விழிக்கும். தோளும் கையும் அதற்கேற்ற வாகு. ஆனால் ஊர் பேசியது தோளைப் பற்றி அல்ல, காலைப் பற்றி.

அவள் தகப்பனாருக்கும் அப்படித்தான் கால். அவர்கள் வீட்டுக்கே 'படகுக்காரர் வீடு' என்று பெயர். அந்த வீட்டில் யாரும் படகைத் தொட்டதில்லை. தகப்பனாரின் செருப்பைப் பார்த்து யாரோ வைத்த பெயர். புர்கலுக்குப் பத்து வயதிலேயே பெண்பிள்ளைகளின் பனிச்சறுக்குக்கான ஸ்கீ பூட்ஸ் நுழையவில்லை. அண்ணனுடையதைப் போட்டாள். கொஞ்ச காலத்தில் அண்ணனுடையதும் நுழையவில்லை. முதலில் அழுதாள். அழுது பயனில்லை என்று தெரிந்ததும் அதையே பெருமையாக்கிக்கொண்டாள். "சின்னக் கால் இருக்கிறவங்கள காத்து தூக்கிட்டுப் போயிடும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். கல்யாணமான வருடம் முப்பத்தோராம் நம்பர் ஸ்கீ பூட்ஸ் வாங்கியபோது, கடைக்காரர் மற்ற வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஸ்கீ பூட்ஸில் நம்பர் என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். முப்பத்தொன்று என்றால் முன்கை நீளம். புர்கல் அன்று கடையிலிருந்து விருது வாங்கியவள் மாதிரி வெளியே வந்தாள்.

பேண்டு குழுவில் டியூபா அவளிடம் வந்ததும் காலால்தான். பழைய டியூபாக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது, அந்தப் பித்தளை அண்டாவைச் சுமந்துகொண்டு ஊர்வலத்தில் ஈரப்புல் மேல் வழுக்காமல் நடக்க யாரால் முடியும் என்று குழு யோசித்தது. எல்லார் கண்ணும் தானாகக் கீழே போய் அவள் பாதத்தில் நின்றது. ஊதக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு.

அதுவரை எல்லாம் நல்லது. தொல்லை, தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில்தான்.

அன்று ஓபர்லாக் பேண்டு குழுவுக்கும் மலைக்கு அந்தப் பக்கத்து இன்னர்மோஸ் குழுவுக்கும் பனிச்சறுக்குப் போட்டி. வாத்தியத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடிக்கம்புகளைச் சுற்றி இறங்க வேண்டும். குழுத்தலைவர் கடைசியாகக் கிளம்ப வேண்டும்; வழியில் நின்றுவிட்டவரைத் தாண்டி இறங்கலாம். கடைசி ஆள் கோட்டைத் தாண்டினாலும் கடிகாரம் நிற்காது. பெயர் கொடுத்த அத்தனை பேரும் கீழே வரிசையில் நின்று, அணிநடைப் பாட்டின் முதல் சுரத்தை ஒன்றாக ஊதும்போதுதான் நிற்கும். ஒருவர் குறைந்தாலும் ஊதக் கூடாது. தோற்ற ஊர், ஜெயித்த ஊருக்குக் க்னோடல் பரிமாற வேண்டும். பழைய ரொட்டியும் உப்புக்கண்டமும் சேர்த்துப் பிடித்து வேகவைத்த உருண்டை அது. எதிராளியின் தட்டில் அதை வைத்துவிட்டு "நல்லா சாப்பிடு" என்று சிரித்த முகத்தோடு சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் அது வேறு ஒரு தோல்வி.

ஓபர்லாக் சில வருடங்களாகப் பரிமாறிக்கொண்டே இருந்தது. காரணம் எல்லாருக்கும் தெரியும். புர்கல் நடுச்சரிவில் உட்கார்ந்துவிடுவாள். பூட்ஸின் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணை மூடி, பிரசவம் முடிந்தவள் மாதிரி மூச்சுவிடுவாள். அந்த நேரமெல்லாம் கீழே குழு வாத்தியத்தோடு நின்று விறைக்கும். கேட்டால், "டியூபா கனம்" என்பாள். கனம் டியூபாவில் இல்லை. பூட்ஸுக்குள் பாதத்தின் இரண்டு பக்கமும் இடுக்கி போட்டு நெரிக்கிற மாதிரி இருக்கும். மத்தளத்துக்குத்தான் இரண்டு பக்கமும் இடி என்பார்கள். டியூபாக்காரிக்கும் அதே விதி. அதை வெளியே சொல்ல அவள் தயாரில்லை. ஊரிலேயே பெரிய பூட்ஸ் போட்டிருக்கிறவள், கடிக்கிறது என்று எந்த வாயால் சொல்வாள்?

குழுத்தலைவர் கசியான் ரொட்டிக்கடைக்காரர். ஒல்லி. மாவு சலித்த மாதிரி வெளுத்த ஆள். தேசிய அணியின் வாசல்வரை போய்த் திரும்பிய ஒருவனிடமிருந்து பந்தய பூட்ஸ் வாங்கி வைத்திருந்தார். அது அவருடைய கால் அளவைவிடக் குறைந்தது இரண்டு நம்பர் சின்னது. "விரல் அசைஞ்சா அது ஸ்கீ பூட்ஸ் இல்ல, வீட்டுச் செருப்பு" என்பது அவர் கொள்கை. செருப்புக்கேற்றபடி காலை வெட்டுகிற கட்சி.

ஜனவரியில் ஒரு ஒத்திகை முடிந்து எல்லாரும் வாத்தியங்களிலிருந்து எச்சில் நீரை வடித்துக்கொண்டிருந்தபோது அவர் பேச்சை எடுத்தார்.

"புர்கல், இந்த வருஷம் நீ மேல ஏற வேண்டாம். கீழ நின்னு கொடி பிடி."

"கொடியா?"

"ஊர்க் கொடி. பெரிய கௌரவம்."

"கௌரவம்னா நீயே பிடி. டியூபாவ யாரு கொண்டு வருவா?"

"ஆல்ஃப்ரெட்."

டிராம்போன் ஊதும் ஆல்ஃப்ரெட் ஜன்னலுக்கு வெளியே ஏதோ அவசரமாகப் பார்த்தான்.

"அவனால ஒரு பால்கேன தூக்க முடியாது."

"தூக்க முடியாது, ஆனா உட்கார மாட்டான். போன வருஷம் நீ அங்க தியானம் பண்ணிட்டு இருந்த நேரத்துல என் உதடு எக்காளத்துல ஒட்டிக்கிச்சு, தாயே. சுடுதண்ணி ஊத்தித்தான் பிரிச்சாங்க. இன்னர்மோஸ்காரன் அதைப் படம் எடுத்து வச்சிருக்கான்."

குழு சிரித்தது. புர்கலும் சிரித்தாள், ஆனால் உள்ளே ஏதோ கழன்று விழுந்தது. கொடி பிடிப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். போன கொடிக்காரருக்கு இடுப்பு போய்விட்டது. அதற்கு முந்தியவருக்குக் காது. கொடி பிடிக்கப் போன யாரும் வாத்தியத்துக்குத் திரும்பி வந்ததில்லை. கொடிக்கு அடுத்த இடம் மாதாகோவிலின் பின்புறம், கல்லறைத் தோட்டம்.

"நான் உட்காராம வந்தா?"

"வர மாட்டே."

"வந்தா?"

கசியான் எக்காளத்தைத் துடைத்தார். "பேர் குடுக்குறதுக்கு முந்தின நாள் ஒரு தடவை இறங்கிக் காட்டு. உட்காராம வந்தா உன் பேரு. இல்லன்னா கொடி."

புர்கல் வீட்டுக்கு வந்து கணவன் வெண்டலினிடம் சொன்னாள். வெண்டலின், பனிச்சரிவில் ஆட்களை மேலே இழுத்துப்போகும் ஊரின் கயிறு லிஃப்டை ஓட்டுகிறவன். கீழ்க்குடிசையில் உட்கார்ந்து, ஆட்கள் விழுந்தால் லிஃப்டை நிறுத்துவதும் எழுந்தால் ஓட்டுவதும் வேலை. ஆட்கள் விழாத நேரத்தில் பின்னுவான். காலுறை மட்டும்தான் பின்னுவான். ஒரே ஆளுக்கு மட்டும்தான் பின்னுவான். வீட்டில் அவளுக்கென்று ஒரு பெட்டி நிறையக் காலுறை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவை கொஞ்சம் தடித்துக்கொண்டே வந்தன. கடைசியாகப் பின்னிய ஜோடி மேசைமேல் தானாக நின்றது.

"கொடி பிடிக்கச் சொன்னானா? உன்னையா?" என்றான் வெண்டலின். ஊசியைக் கீழே வைத்தான். அவன் ஊசியைக் கீழே வைப்பது அபூர்வம். "பூட்ஸ் மாத்திடலாம். முப்பத்திரண்டு வாங்கு."

"முப்பத்திரண்டு இருக்கா?"

"உலகம் பெருசு."

உலகம் அவ்வளவு பெரிதில்லை. பள்ளத்தாக்கில் முதல் கடையில் இருந்த பையன் அவள் காலைப் பார்த்துவிட்டு ஒரு பெட்டியை இரண்டு கையால் தூக்கி வந்தான். தூசி பறந்தது. "ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரர் ஆர்டர் குடுத்துட்டு வராம போயிட்டாரு" என்றான். முப்பத்திரண்டு. இரண்டு ஜோடிக் காலுறையோடு போட்டு எழுந்தாள். பக்கங்கள் நெரித்தன. குதிகால் உள்ளே தனியாக மேலும் கீழும் போய்வந்தது.

"குதிகால் ஆடுது" என்றாள்.

"மூணாவது ஜோடி போடு. நான் பின்னித் தரேன்" என்றான் வெண்டலின்.

அவன் சொன்னதைக் கேட்ட கடைப்பையன்தான், கீழ் நகரத்தில் ரோமானா என்று ஒருத்தி இருக்கிறாள், பூட்ஸை அடுப்பில் வைத்துச் சரிசெய்வாள், அங்கே போய்ப் பாருங்கள் என்றான். அவர்களைக் கடையிலிருந்து அனுப்பினால் போதும் என்ற அவசரம் அவன் குரலில் இருந்தது.

காற்று வேகம் கூடி லிஃப்ட் நின்ற ஒரு நாள் இருவரும் போனார்கள். ரோமானாவின் கடை ஒரு நிலவறை. பசை வாசம். சளி பிடித்த குட்டைப் பெண்மணி, கண்ணாடி நெற்றிமேல்.

"காலைக் காட்டு" என்றாள். வணக்கம்கூட இல்லை.

புர்கல் பழைய பூட்ஸைக் கழற்றினாள். ரோமானா குனிந்து, காலுறையைத் தொட்டுப் பார்த்து, நிமிர்ந்தாள்.

"இது என்ன?"

"காலுறை" என்றான் வெண்டலின். "நான் பின்னினது. எங்க மலை ஆட்டு ரோமம்."

"ஆடே இதைவிட மெலிசாத்தான் போட்டிருக்கும்" என்றாள் ரோமானா. உருவினாள். கீழே இன்னொன்று இருந்தது. அதையும் உருவினாள். இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பவள் போல ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு வெறும் பாதத்தை அளவுப் பலகைமேல் வைத்து, கட்டையை நகர்த்தினாள்.

"இருபத்தேழு."

புர்கல் குனிந்து பலகையின் எண்ணைத் தானே படித்தாள்.

"சரியா அள" என்றாள் புர்கல். "எங்க வீட்டுக் கால் முப்பத்தொண்ணு. எங்கப்பாவுக்கும் அப்படித்தான்."

"பலகை உங்கப்பாவைக் கேட்டுட்டு அளக்காது." மூக்கைச் சிந்தினாள் ரோமானா. "நீளம் இருபத்தேழு. ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கிற நீளம். ஆனா இந்த அகலம் இருக்கே." வேறு கருவி எடுத்துக் குறுக்கே அளந்தாள். அவள் முகத்தில் முதன்முறையாக மரியாதை தெரிந்தது. "க்னோடல். அசல் க்னோடல். பக்கத்துல நெரிக்குதுன்னு நீளமா வாங்கியிருக்கே. இடுப்பு பிடிக்குதுன்னு நீளப் பாவாடை வாங்கின கதை."

"நீளமா வாங்கினா அகலமும் வருமில்ல?"

"கொஞ்சம் வரும். ஆனா குதிகால் ஆடும். ஆடுதுன்னு தடியா ஒரு காலுறை போடுவே. தடியாப் போட்டா பக்கம் நெரிக்கும். நெரிக்குதுன்னு இன்னும் பெருசா வாங்குவே. பெருசா வாங்கினா மறுபடி ஆடும்." ரோமானா வெண்டலினைப் பார்த்தாள். "ஆடுதுன்னா இவரு இன்னும் தடியாப் பின்னுவாரு."

வெண்டலின் மடியில் கிடந்த காலுறைகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தான். மெதுவாக மடித்தான். புர்கல் அவனைப் பார்க்காமல், பசைச் சட்டியைப் பார்த்தாள்.

ரோமானா இருபத்தேழாம் நம்பர் பூட்ஸ் ஒன்றை எடுத்து, உள்மெத்தையை உருவிவிட்டு, வெற்று ஓட்டுக்குள் புர்கலின் காலை விடச் சொன்னாள். விரல் முன்னால் தொட்டது. குதிகாலுக்குப் பின்னால் ரோமானாவின் இரண்டு விரல் நுழைந்தது. "நீளம் சரி" என்றாள். பக்கங்கள் இடித்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டாள். ஓட்டைச் சூடாக்கி, உள்ளிருந்து இரும்பு உருண்டையால் நெம்பி, வட்டம் போட்ட இடங்களைக் கன்னம் மாதிரி உப்ப வைத்தாள். உள்மெத்தையை ரொட்டி சுடுவதுபோல அடுப்பில் வைத்து எடுத்தாள். வெங்காயத் தோல் மாதிரி ஒரு காலுறையைக் கொடுத்தாள்.

"இதோடவா? விறைச்சுச் செத்துடுவேன்."

"நெரிச்சா ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடலன்னாதான் விறைக்கும். போடு."

புர்கல் போட்டாள். கொக்கிகளை மாட்டினாள். எழுந்து நின்றாள். கடிக்கப் போகிறது என்று காத்திருந்தாள். கடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். குதிகால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் வாய் தானாகத் திறந்தது.

"என்ன, வலிக்குதா?" என்றான் வெண்டலின், கொஞ்சம் நம்பிக்கையோடு.

"ஒண்ணுமே இல்ல" என்றாள் அவள். "கால் இருக்கிறதே தெரியல."

திரும்பும் வழியில் மடித்த காலுறைகள் அவன் மடியிலேயே கிடந்தன. சுரங்கப்பாதை வந்தது, முடிந்தது. மரமறுக்கும் ஆலை வந்தது. கடைசியில் சொன்னான்:

"இத்தனை வருஷமா உன் கழுத்தை நெரிச்சிருக்கேன்."

"கழுத்து இல்ல, கால்."

"நீ ஏன் சொல்லல?"

"ஆடுதுன்னு சொன்னேனே."

"ஆடுதுன்னு சொன்னே. நெரிக்குதுன்னு சொல்லவே இல்ல."

"நீ பின்னினதைப் போட்டுட்டு நெரிக்குதுன்னு எப்படிச் சொல்வேன்?"

வண்டி மலை ஏறியது.

விஷயம் அவர்களுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. ரோமானாவின் மச்சினி ஓபர்லாக்கில் வாழ்க்கைப்பட்டவள். ரொட்டிக்கடையில் கசியான் சில்லறை கொடுத்தபடி, "இருபத்தேழாமே. அப்போ இத்தனை வருஷம் நாங்க எதைப் பாத்துப் பயந்தோம்?" என்றார். படகுக்காரர் வீட்டை இனி ஓடக்காரர் வீடு என்று கூப்பிடலாமா என்று வரிசையில் நின்றவர்கள் விவாதித்தார்கள். புர்கல் ரொட்டியை வாங்கிக்கொண்டு, "அகலத்த யாரும் கேக்கல பாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் வழியில் தன் கால்தடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே அது கொஞ்சம் சிறுத்துவிட்ட மாதிரி இருந்தது.

அதைவிடப் பெரிய கவலை, வெண்டலின் பின்னுவதை நிறுத்தியதுதான். லிஃப்ட் குடிசையில் வெறுங்கையோடு உட்கார்ந்து ஆட்களை உற்றுப் பார்த்தான். அவன் பின்னிக்கொண்டிருந்தவரை யாரும் பயப்படவில்லை. இப்போது அவன் பார்க்கிறான் என்பதாலேயே விழுந்தார்கள். லிஃப்ட் ஒரு நாளில் நின்ற தடவை முந்தைய வாரம் முழுக்க நின்றதைவிட அதிகம்.

சோதனை ஓட்டத்தன்று காலை புர்கல் பையில் வெங்காயத் தோல் காலுறையையும் வைத்தாள், மேசைமேல் தானாக நிற்கும் ஜோடியையும் வைத்தாள். எதைப் போடுவது என்று அவள் உண்மையாகவே முடிவு செய்யவில்லை. புது பூட்ஸுக்குள் தடி ஜோடி நுழையாது என்று அவளுக்குத் தெரியும். நுழைந்தால் நடுச்சரிவில் உட்காருவாள் என்றும் தெரியும்.

வெண்டலின் வந்து பையைத் திறந்தான். தடி ஜோடியை எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். கோட்டு ஒரு பக்கம் உப்பியது.

"மெலிசைப் போடு."

"வெண்டல்..."

"கொடி பிடிக்கிற பொண்டாட்டியோட என்னால ஒரே வீட்ல இருக்க முடியாது. மெலிசைப் போடு."

அவள் உட்காராமல் இறங்கினாள். கசியான் இன்னொரு தடவை இறங்கச் சொன்னார். இன்னொரு தடவையும் இறங்கினாள். மூன்றாவது தடவை அவராகக் கேட்கவில்லை. அவளாகப் போய் இறங்கிவிட்டு வந்தாள். ஆல்ஃப்ரெட் டியூபாவைத் தூக்க வேண்டாம் என்றானதும் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

போட்டி நாளன்று நல்ல வெயில், கடுங்குளிர். இன்னர்மோஸ் முதலில் இறங்கி, வரிசையில் நின்று ஊதியது. நேரம் ஒன்றும் பிரமாதமில்லை; அவர்களுடைய பெரிய மேளம் ஒரு கொடிக்கம்பைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிறகு ஓபர்லாக். புர்கல் முதுகில் பித்தளை மின்ன இறங்கினாள். எப்போதும் உட்காருகிற வளைவு வந்தது. இன்னர்மோஸ் கூட்டம் அந்த இடத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு போனாள். கீழே கோட்டைத் தாண்டி, வரிசையில் தன் இடத்தில் நின்று, டியூபாவின் விசைகளில் உறையாமலிருக்க ஒரு வாய் ஷ்னாப்ஸ் சாராயம் ஊற்றினாள். தனக்கும் ஒரு வாய்.

ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியில் கசியான் மட்டும் மிச்சம். நேரம் நிறைய இருந்தது. உதடுகள் தயார். எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

கசியான் முதல் சில வளைவுகளை அம்பு மாதிரி எடுத்தார். பிறகு அம்பு தளர்ந்தது. கால் மாற்றி மாற்றி நின்றார். கடைசியில், புர்கலின் வளைவில், இன்னர்மோஸ் போட்டு வைத்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். குனிந்து பந்தய பூட்ஸின் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். கண்ணை மூடினார். அந்த மூச்சு கீழே வரை கேட்டது.

"தியானம்" என்றாள் புர்கல்.

அவர் வந்து சேர்ந்தபோது ஆல்ஃப்ரெட்டின் உதடு டிராம்போனில் ஒட்டியிருந்தது. ஓபர்லாக் தோற்றது.

தீயணைப்புக் கூடத்தில் நீளமாக மேசை போட்டிருந்தார்கள். க்னோடல் அண்டா ஆவி விட்டது. பரிமாறும் வரிசையில் முதலில் தலைவர் நிற்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் கசியானால் பூட்ஸோடு நிற்க முடியவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்து பூட்ஸைக் கழற்றினார்கள். கழற்றிய பிறகு கால் வீங்கி, எந்தச் செருப்புக்குள்ளும் போக மறுத்தது. சிமெண்ட் தரை பனிக்கட்டி மாதிரி. வெறுங்காலோடு ஒரு அடி வைத்துவிட்டு, "முடியாது" என்றார்.

வெண்டலின் கோட்டுப் பைக்குள் கையை விட்டான். சோதனை ஓட்டத்திலிருந்து அந்த ஜோடி அங்கேயே இருந்தது. அதை எடுத்து நீட்டினான்.

கசியான் காலை உள்ளே விட்டார். முகம் மாறியது. எழுந்தார். நடந்து பார்த்தார். பிறகு இன்னர்மோஸ் தலைவரின் தட்டில் இரண்டு உருண்டை வைத்து, "நல்லா சாப்பிடு" என்றார். அந்தச் சிரிப்பு வழக்கத்துக்காகச் சிரித்ததாகத் தெரியவில்லை. கூடம் முழுக்க ஒரு சத்தமும் எழுப்பாமல், கரடி மாதிரி, மெத்து மெத்தென்று பரிமாறிக்கொண்டு போனார்.

அண்டாவருகில் நின்ற புர்கலிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "அந்த ரோமானா சனிக்கிழமை கடை திறப்பாளா?"

"திறப்பா. உன் நம்பர் என்னன்னு கேப்பா. உண்மையச் சொல்லு."

"யார்கிட்டயும் சொல்லாதே."

"அவ மச்சினி சொல்லிடுவா."

கசியான் தட்டை நீட்டினார். அவள் நிரப்பினாள். அப்போதுதான் வெண்டலின் அருகில் வந்து நின்று, கசியானின் பாதங்களைக் குனிந்து உற்றுப் பார்த்தான். பல நாட்களுக்குப் பிறகு அவன் கண்ணில் பழைய வெளிச்சம்.

"எப்படி இருக்கு?"

"சொர்க்கம்" என்றார் கசியான். கொஞ்சம் யோசித்தார். "குதிகால் மட்டும் லேசா ஆடுது."

வெண்டலின் கோட்டின் இன்னொரு பைக்குள் கையை விட்டு, ஊசியைத் தேட ஆரம்பித்தான்.

"வெண்டல்" என்றாள் புர்கல், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு. "வேண்டாம்."